நாடியும் கலோரியும்

உழைப்பை அளந்தறிய வேண்டும் என்னும் விருப்பம் மனிதனுக்கு மிகப் பழமையானது. கூலிக்கு வேலை செய்தவன் உழைப்பை நாளால் அளந்தான். வழிநடந்தவன் காதத்தால் அளந்தான். சுமை தூக்கியவன் மூட்டையின் எண்ணிக்கையால் அளந்தான். ஆனால் அந்த உழைப்பிற்காக உடலுக்குள்ளே எவ்வளவு செலவாயிற்று என்பதைப் பசியும் களைப்புமே சொல்லி வந்தன. இப்பொழுது அதைச் சொல்ல ஒரு சிறு கருவி வந்திருக்கிறது. அதனை மணிக்கட்டிலே கடிகாரம் போலவோ, மார்பிலே பட்டையாகவோ அணிந்துகொண்டால், இருதயம் நிமிடத்திற்கு எத்தனை முறை துடிக்கிறது என்று காட்டும். அத்துடன் நில்லாமல், இவ்வளவு நேரத்தில் இத்தனை கலோரி செலவாயிற்று என்று ஒரு தொகையையும் காட்டும்.

நேயர்களே, இந்த இரண்டு எண்களும் ஒரே தன்மையுடையன அல்ல. முதல் எண் அளந்து பெற்றது; இரண்டாவது எண் ஊகித்துக் கணக்கிட்டது. இந்த வேற்றுமையை அறியாதவர்கள் கருவி காட்டும் கலோரியை நம்பி உண்கிறார்கள். அதனை நம்பியே உடலை வருத்திக்கொள்ளவும் செய்கிறார்கள். நீரிழிவு உள்ளவர்க்கும் இருதய நோய் உள்ளவர்க்கும் இது சிறிய செய்தியன்று. ஆகவே அந்த எண் எவ்வாறு பிறக்கிறது, எங்கே பிழைபடுகிறது, அதனை எவ்வாறு பயன்படுத்தலாம் என்னும் மூன்றையும் இன்று காண்போம்.

நாடி பார்த்தல் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவர்கள் மணிக்கட்டில் விரல் வைத்து வாதம், பித்தம், சிலேத்துமம் என்னும் மூன்றையும் ஆராய்ந்தார்கள். அவர்கள் நாடியின் நடையை நோக்கினார்கள். அதன் எண்ணிக்கையைக் கருவியால் கணக்கிடும் முயற்சி பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் நடந்தது. சாந்தோரியோ என்னும் மருத்துவர் ஊசற்குண்டு ஒன்றைக் கொண்டு நாடியின் வேகத்தை அளக்க முயன்றார். அவரே ஒரு பெரிய தராசில் நாற்காலியைக் கட்டி, அதில் அமர்ந்து உண்டும் உறங்கியும், தம் உடல் எடை எவ்வாறு ஏறி இறங்குகிறது என்று பல்லாண்டுகள் குறித்துவந்தார். துலாபாரத் தராசை அறிந்த நமக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது அரிதன்று. 1707ஆம் ஆண்டில் ஜான் பிளாயர் என்னும் ஆங்கில மருத்துவர், ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரத்தைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை நூலாக எழுதினார்.

நாடிக்கும் உழைப்பிற்கும் உள்ள உறவைச் சோதனையால் காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர். உயிர்கள் மூச்சு விடுவதும் விளக்கு எரிவதும் அடிப்படையில் ஒரே செயல் என்று அவர் கண்டார். இரண்டிலும் பிராணவாயு செலவாகிறது. இரண்டிலும் வெப்பம் பிறக்கிறது. 1789ஆம் ஆண்டை ஒட்டி அவரும் அவருடைய துணைவர் செகேனும் செய்த சோதனைகளில், உழைப்பு மிகுந்தால் பிராணவாயுவின் செலவும் நாடியின் எண்ணிக்கையும் சேர்ந்தே உயர்வதைக் கண்டார்கள். இன்று நம் மணிக்கட்டில் இருக்கும் கருவி இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது.

அந்த உண்மையைச் சற்று விரித்துக் கூறுகிறேன். ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பத்தை ஒரு பாகை உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பமே உணவுக் கணக்கில் நாம் கூறும் ஒரு கலோரி. உடலில் ஒரு லிட்டர் பிராணவாயு செலவானால் ஏறத்தாழ 5 கலோரி வெளிப்படும். ஆகவே செலவான பிராணவாயுவை அறிந்தால் கலோரியை அறிந்துவிடலாம். பிராணவாயுவைத் தசைகளுக்குக் கொண்டுசெல்வது இரத்தம்; இரத்தத்தை அனுப்புவது இருதயம். ஓய்வாக இருக்கும்போது ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. நிமிடத்திற்கு 70 துடிப்பு என்றால் 5 லிட்டர் ஆகிறது. தசைகள் மிகுதியாகக் கேட்டால் இருதயம் விரைந்து துடிக்கிறது. இருதயம் அனுப்பும் இரத்தத்தின் அளவு, அந்த இரத்தத்திலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும் பிராணவாயுவின் அளவு, இவ்விரண்டையும் பெருக்கினால் மொத்தச் செலவு கிடைக்கும் என்று 1870ஆம் ஆண்டில் அடால்பு பிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கூறினார்.

கருவி இந்தக் கணக்கில் எதை அளக்கிறது? துடிப்பின் எண்ணிக்கையை மட்டுமே அளக்கிறது. ஒரு துடிப்புக்கு எவ்வளவு இரத்தம் சென்றது என்பது அதற்குத் தெரியாது. அந்த இரத்தத்திலிருந்து எவ்வளவு பிராணவாயு எடுக்கப்பட்டது என்பதும் தெரியாது. தெரியாத இவ்விரண்டையும், அணிந்திருப்பவரின் வயது, எடை, ஆணா பெண்ணா என்பவற்றைக் கொண்டு அது ஊகிக்கிறது.

துடிப்பை எண்ணுவதிலும் இரண்டு முறைகள் உண்டு. இருதயம் துடிக்கும்போதெல்லாம் எழும் நுண்ணிய மின்னோட்டத்தை மார்புப்பட்டை பற்றுகிறது. கம்பியின்றி அதனை மணிக்கட்டுக்கு அனுப்பும் முறையைப் பின்லாந்தில் பேராசிரியர் செப்போ சைனாயகங்காஸ் 1977ஆம் ஆண்டில் தொடங்கிய போலார் நிறுவனம் 1980ஆம் ஆண்டுகளில் பரப்பியது. மணிக்கட்டுக் கருவியோ தோலின் மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சி, இரத்தம் வந்துபோகும்போது அந்த ஒளி மிகுவதையும் குறைவதையும் கொண்டு எண்ணுகிறது. வார் தளர்ந்திருந்தாலும், கை மிக ஆடினாலும், கைத்தடியையோ கைப்பிடியையோ இறுகப் பற்றினாலும் அந்த எண்ணிக்கை தடுமாறும். எனினும் நன்றாக அணிந்து நடப்பவர்க்குத் துடிப்பின் எண் பெரும்பாலும் சரியாகவே கிடைக்கிறது. கலோரியில்தான் சிக்கல்.

இதனைப் பிறர் ஆய்வைக்கொண்டு மட்டும் கூறுவானேன்? நம் பக்கத்திலேயே ஓர் இயற்கைத் தராசு நிற்கிறது. திருப்பதியின் அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையைத்தான் கூறுகிறேன். 3,550 படிகள், ஏறத்தாழ 9 கிலோமீட்டர். சித்தூரிலிருந்தும் புத்தூர், நகரியிலிருந்தும், அப்பால் வேலூர், திருத்தணி, காஞ்சிபுரத்திலிருந்தும் வரும் தமிழன்பர்கள் தலைமுறை தலைமுறையாக ஏறிய பாதை அது. காலிகோபுரம் வரையில் படிகள் செங்குத்தாக இருக்கும். அதன்பின் பாதை வெகுதூரம் சமமாகச் செல்லும். இறுதியில் மீண்டும் ஓர் ஏற்றம். அதற்குத் தெலுங்கில் மோகாளி மெட்டு என்று பெயர். நம்மவர் முழங்கால் முறிச்சான் என்பார்கள். அந்த ஏற்றம் எத்தகையது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 700 மீட்டர் உயரம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுபதை எழுநூறால் பெருக்கினால் 42,000 கிலோகிராம்-மீட்டர் வேலை. 427 கிலோகிராம்-மீட்டர் ஒரு கலோரிக்குச் சமம் என்பது பௌதிகம். ஆக அந்த உடலை மலைமேல் ஏற்றுவதற்கு வேண்டியது ஏறத்தாழ 98 கலோரியே. ஆனால் நம் தசைகள் தாம் எரிப்பதில் நாலில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. எஞ்சியது வெப்பமாகிப் போகிறது. ஏறும்போது வியர்த்துக் கொட்டுவது அதனால்தான். எனவே ஏற்றத்திற்கு 400 முதல் 500 கலோரி. 9 கிலோமீட்டர் முன்னோக்கி நடப்பதற்கு இன்னும் 200 முதல் 270 வரையில் சேர்க்கலாம். ஏறும் நேரம் மூன்று மணி என்றால், சும்மா அமர்ந்திருந்தாலும் அந்த மூன்று மணியில் உயிர் நிற்பதற்குச் செலவாகும் 180 கலோரியையும் கூட்டவேண்டும். எல்லாம் சேர்த்து 800 முதல் 950 வரை. இந்தக் கணக்கில் நாடி வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மலையின் உயரமும் உடலின் எடையுமே கணக்கின் அடிப்படை.

அதே மலையில் இரண்டு பெண்மணிகள் ஏறுகிறார்கள் என்று கொள்வோம். இருவர்க்கும் வயது 40. எடை 60 கிலோகிராம். இருவரும் மூன்று மணி நேரத்தில் ஏறுகிறார்கள். ஒருவர் நாள்தோறும் அந்தப் படிகளில் ஏறி இறங்கித் தொழில் செய்பவர். அவருடைய நாடி சராசரியாக 105. மற்றவர் அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்பவர். அவருடைய நாடி 130. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட வாய்பாடு ஒன்று நாடியிலிருந்து கலோரியைக் கணக்கிடுவதற்குப் பலராலும் எடுத்தாளப்படுகிறது. அதில் இந்த எண்களை இட்டுப் பார்த்தால், முதலாமவர்க்கு ஏறத்தாழ 940 கலோரி என்றும், இரண்டாமவர்க்கு ஏறத்தாழ 1,420 கலோரி என்றும் விடை வருகிறது. மலை ஒன்று, எடை ஒன்று, ஏறிய உயரமும் ஒன்று. மலை இருவரிடமும் ஏறத்தாழ ஒரே விலையைத்தான் வாங்கியது. ஆனால் வாய்பாடு ஒருவரைக் காட்டிலும் மற்றவர்க்கு 480 கலோரி மிகுதியாக எழுதிவிடுகிறது!

ஏன் இவ்வாறு நிகழ்கிறது? பழகிய இருதயம் ஒரு துடிப்பில் மிகுதியான இரத்தத்தை அனுப்பும். பழகாத இருதயம் குறைவாக அனுப்பும். அக்குறையை ஈடுசெய்யவே அது விரைந்து துடிக்கிறது. அந்த விரைவு பலவீனத்தின் அடையாளம். கருவியோ அதனை மிகுந்த உழைப்பின் அடையாளமாகப் படிக்கிறது. அந்த வாய்பாடு ஒழுங்காகப் பயிற்சி செய்துவந்த 115 பேரை ஆராய்ந்து வகுக்கப்பட்டது. அவர்களுடைய வயது 18 முதல் 45 வரை. உடற்பழக்கத்தின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை திருந்தும் என்பதையும் அந்த ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். குறை அவர்களுடையதன்று, அவர்கள் ஆராயாத உடல்களுக்கும் அந்த வாய்பாட்டை அப்படியே பொருத்திப் பார்ப்பவர்களுடையது.

இன்னொரு காரணம் வெயில். சித்தூர்ப் பக்கத்தில் கரும்புச் சாற்றைக் காய்ச்சி வெல்லம் எடுக்கும் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். அடுப்பின் அருகில் நிற்பவர் பெரிய பாரம் எதையும் தூக்காத நேரத்திலும் அவருடைய நாடி விரைந்து ஓடும். உடலின் வெப்பத்தை வெளியேற்ற இரத்தம் தோலுக்குப் பாய்கிறது, வியர்வையால் உடலின் நீர் குறைகிறது, இருதயம் விரைகிறது. தசைகளின் செலவு அந்த அளவுக்கு உயரவில்லை. சித்திரை வெயிலில் மலை ஏறுகிறவர்க்கும் இதே நிலைதான். ஏறத் தொடங்கி ஒரு மணி சென்றபின், வேகம் மாறாதிருந்தாலும் நாடி மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும். கருவி அதனையும் கலோரியாக எழுதிக்கொள்ளும். அச்சம், கோபம், ஒரு குவளைக் காப்பி, தூக்கமின்மை ஆகியவையும் இதையே செய்யும். துடிப்பும் பிராணவாயுவும் ஒழுங்காகச் சேர்ந்து உயர்வது நடுத்தரமான உழைப்பில்தான். ஓய்விலும் மிக மெல்லிய வேலையிலும் அந்த உறவு தளர்ந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. இரத்த அழுத்தத்திற்கும் இருதய நோய்க்கும் பீட்டா பிளாக்கர் என்னும் வகை மருந்துகளை உண்பவர் பலர். அம்மருந்துகள் துடிப்பை மெதுவாக்குகின்றன. அத்தகையவர் எவ்வளவு சிரமப்பட்டாலும் நாடி அதற்கேற்ப ஏறாது. கருவி, நீ இன்னும் போதிய அளவு உழைக்கவில்லை என்பது போன்ற எண்ணைக் காட்டும். அதை நம்பி அவர் மேலும் விரைந்தால் விளைவு என்னவாகும்? இங்கே பிழையான எண் பணத்தை விரயமாக்குவதோடு நிற்பதில்லை. உயிருக்கே இடர் விளைவிக்கக்கூடும்.

இனி, பிழையின் அளவைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் மணிக்கட்டுக் கருவிகள் ஏழினை 60 தொண்டர்களுக்கு அணிவித்துச் சோதித்து, 2017ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஏழில் ஆறு கருவிகள் நாடியை நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாத பிழையோடு காட்டின. கலோரியிலோ, மிக நல்ல கருவியும் சராசரியாக நூற்றுக்கு 27 பிழைத்தது. மிக மோசமான கருவி நூற்றுக்கு 93 பிழைத்தது. அதன்பின் கருவிகள் திருந்தி வருகின்றன. சில, அணிபவரின் ஓய்வுநாடியையும் நடையின் அசைவையும் சேர்த்தே கணக்கிடுகின்றன. ஆயினும் அளந்ததற்கும் ஊகித்ததற்கும் உள்ள வேற்றுமை அழியவில்லை. நம் நாட்டவர்க்கு வேறொரு காரணமும் உண்டு. ஓய்வில் உடல் செலவிடும் கலோரிக்கு மேனாட்டார் வகுத்த வாய்பாடுகள் இந்திய உடலுக்குச் சற்று மிகையான விடையைத் தருகின்றன என்று நம் நாட்டு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் கூறியது எதற்காக? மலை ஏறி முடித்தபின் கைக்கு வரும் லட்டுக்காகத்தான். திருமலையின் லட்டு ஒன்று ஏறத்தாழ 175 கிராம் எடை. கடலைமாவும் சர்க்கரையும் கிராமுக்கு 4 கலோரி அளவிலும், நெய் 9 கலோரி அளவிலும் தருவன. ஆகவே ஒரு லட்டில் 700 கலோரிக்குக் குறையாது எனலாம். நாம் முன்பு மலையின் கணக்கில் கண்ட தொகையில், சும்மா இருந்தாலும் செலவாகும் 180ஐக் கழித்துவிட்டால் எஞ்சுவது 620 முதல் 770 வரை. 3,550 படிகளும் ஒரு லட்டும் ஏறத்தாழச் சமம்! பிரசாதத்தைப் பகிர்ந்து உண்ணும் நம் முன்னோர் வழக்கம் உடல்நலத்திற்கும் உகந்ததே. கருவி 1,420 என்று காட்டியதை நம்பி இரண்டு லட்டு உண்பவர், ஏறிய பயனை இழப்பதோடு கடனையும் சேர்த்துக்கொள்கிறார். அமர்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரியும், ஆணுக்கு 2,110 கலோரியும் வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வகுத்த அளவு. அதனோடு ஒப்பிட்டால் 480 கலோரிப் பிழை எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

அப்படியானால் இந்தக் கருவியை எறிந்துவிடலாமா? வேண்டா. அது நன்றாகச் செய்யும் வேலையை அதனிடம் கேட்கவேண்டும். முதலாவதாக, விடியற்காலையில் எழுந்தவுடன், படுக்கையை விட்டு இறங்குமுன், ஓய்வுநாடியைக் குறித்து வாருங்கள். சில வாரம் ஒழுங்காக நடந்தபின் அந்த எண் மெல்லக் குறையுமாயின் உங்கள் இருதயம் பழகிவருகிறது என்று பொருள். இரண்டாவதாக, ஒரே பாதையில், ஒரே வேகத்தில், ஏறத்தாழ ஒரே வெயிலில் நடந்து, நாடியை முந்திய மாதத்தோடு ஒப்பிடுங்கள். முன்பு 130இல் ஏறிய படிகளை இப்பொழுது 118இல் ஏறினால் அதுவே மெய்யான ஆதாயம். அன்று கருவி காட்டும் கலோரி குறைந்திருக்கும், அதற்காக வருந்தவேண்டா. மூன்றாவதாக, கடுமையான முயற்சியை நிறுத்திய பின் ஒரு நிமிடத்தில் நாடி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 12 அல்லது அதற்கும் குறைவாக இறங்குமாயின் அது நல்ல அறிகுறியன்று என்று 1999ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அத்தகையவர் மருத்துவரைக் காண்பது நலம்.

220இலிருந்து வயதைக் கழித்தால் இருதயத்தின் உச்சத் துடிப்பு கிடைக்கும் என்று கூறுவார்கள். அதுவும் ஒரு சராசரியே. ஒரே வயதுடைய இருவர்க்கிடையே பத்து, இருபது துடிப்பு வேறுபடுவது இயல்பு. ஆகவே அந்த எண்ணை எட்டியே தீருவேன் என்று எவரும் பிடிவாதம் கொள்ளலாகாது. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு தொடர்ந்து பேச முடிகிறதா என்பது செலவில்லாத சோதனை. பேச முடிந்தால் வேகம் அளவானது. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்குமானால் அடுத்த மண்டபத்தில் சற்று அமர்வதே அறிவுடைமை.

இருதய நோய், உயர்ந்த இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா முதலியவை உள்ள முதியோர் நடைபாதையில் ஏறுவதைத் தவிர்க்குமாறு திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2024ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அந்த அறிவுரையைக் கருவியின் எண்ணைக் காட்டி மீறலாகாது. மார்பில் இறுக்கம், தோளிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால், நாடி எத்தனை என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே அமர்ந்து உதவி கேட்க வேண்டும். ஏறவேண்டும் என்னும் விரதம் உடையவர்கள், முன்னதாகவே மருத்துவமனையில் நடைப்பொறியில் நடந்து, இருதயத்தின் மின்வரைபடம் எடுத்துக்கொள்வது நன்று. உங்கள் மருந்துக்கும் உங்கள் வயதுக்கும் ஏற்ற துடிப்பு எது என்பதை மருத்துவர் அந்தச் சோதனையைக் கொண்டே சொல்ல முடியும்.

நேயர்களே, உங்கள் நாடி உங்களைப் பற்றி மெய் சொல்லும் நல்ல சாட்சி. வெயிலையும் அச்சத்தையும் களைப்பையும் தேர்ச்சியையும் அது சொல்லும். அந்தச் சாட்சியைக் கொண்டு வரவுசெலவுக் கணக்கு எழுதும்போதுதான் பிழை புகுகிறது. கருவியில் துடிப்பின் எண்ணைப் பாருங்கள், நேற்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். கலோரியின் எண்ணை மட்டும், சந்தையிலே சொல்லும் முதல் விலையைப் போல, பாதி நம்பி, மீதியை விசாரித்து அறிந்துகொள்ளுங்கள்.